பழைய இராணுவ லேண்ட் ரோவர்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கோத்தா திங்கி – தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு லேண்ட் ரோவர் புதிய வண்டி அல்ல. துரையை ஏற்றிக்கொண்டு செம்மண் சாலையில் வந்த 'ஜீப்பு' பல தோட்டங்களில் அதுதான். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இராணுவமும் அதையே ஓட்டியது. அக்காலத்தில் நம் வட்டாரத்தில் பிரிட்டிஷ் படை நடத்திய காட்டுப் போர்ப் பயிற்சிப் பள்ளியின் இடத்தில்தான் இன்று மலேசிய இராணுவத்தின் 'புலாடா' மையம் இயங்குகிறது.

அப்படிப்பட்ட பழைய இராணுவ வண்டியை வாங்கிச் சீர்செய்து, தாய்லாந்து வரை ஓட்டிப் போக வேண்டும் என்ற ஆசை நம் இளைஞர்கள் சிலருக்கு உண்டு. ஆசை நல்லதுதான். ஆனால் இதில் பல வருடச் சேமிப்பும், ஏறி உட்காருபவர்களின் உயிரும் அடங்கியிருக்கின்றன.

நடக்கக்கூடிய காரியமா?

நடந்திருக்கிறது. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டனர். இந்தியா, பர்மா, தாய்லாந்து, மலாயா வழியாக 1956 மார்ச் 6ஆம் தேதி சிங்கப்பூரை அடைந்தனர். அவற்றில் ஒரு வண்டி பின்னாளில் தென் அட்லாண்டிக்கில் உள்ள செயின்ட் ஹெலினா தீவில் கைவிடப்பட்டுக் கிடந்தது. அதை மீட்டுப் பழுதுபார்த்து, 2019 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து கிளப்பி, டிசம்பரில் லண்டன் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

முதலில் கெரான்

வண்டியைப் பார்க்கும் முன் கெரானைப் பாருங்கள். அதிலுள்ள சாசி எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் இருப்பவற்றோடு பொருந்த வேண்டும். சில இராணுவ வண்டிகள் பழைய இரும்பாக மட்டுமே விற்கப்படுகின்றன. சாலையில் ஓட்ட அவற்றுக்கு ஆவணம் கிடைக்காமல் போகலாம். "பிறகு செய்து தருகிறேன்" என்ற வாய்ப்பேச்சை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். எஞ்சினை மாற்றும் எண்ணம் இருந்தால், ஜே.பி.ஜே. அனுமதியும் வாகனப் பரிசோதனையும் தேவை.

துரு எங்கே ஒளிந்திருக்கும்?

போருக்குப் பின் இரும்புத் தட்டுப்பாடு இருந்ததால், லேண்ட் ரோவரின் உடல் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. அது துருப்பிடிக்காது. ஆனால் அடியில் தாங்கும் சாசி இரும்பு. பெட்டி போன்ற அதன் உட்புறத்தில் சேறும் ஈரமும் தங்கி, உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியே புதுச் சாயம் மின்னினாலும் உள்ளே ஓட்டை இருக்கலாம். சிறு சுத்தியலால் சாசியைத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். கெட்டது மந்தமாக ஒலிக்கும். பின்புறக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் பட்டைகள் மாட்டும் இடம், ஓட்டுநரின் கால்மாட்டில் உள்ள தகடு மூன்றையும் கட்டாயம் சோதியுங்கள்.

பிரேக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள்

பழைய மாடல்கள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் எண்ணெய்க் குழாய் வழிதான். ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. ஆகவே குழாய்கள், சிலிண்டர்கள், ரப்பர் சீல்கள் அனைத்தையும் புதிதாகப் போட்ட பிறகே வண்டியைச் சாலையில் இறக்க வேண்டும். பணத்தை முதலில் சாசி, பிரேக், ரேடியேட்டர், மின்கம்பிகளுக்குச் செலவிடுங்கள். சாயம், கூரைக் கூடாரம், கூடுதல் விளக்கெல்லாம் கடைசியில்தான்.

இன்னொன்று: வானொலிக் கருவி பொருத்துவதற்காகச் செய்யப்பட்ட இராணுவ வண்டிகளில் 24 வோல்ட் மின்சாரம் ஓடும். சாதாரணக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் பொருள்களை அதில் மாட்டினால் கருகிவிடும்.

வெள்ளத்தில் இறங்கலாமா?

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் மூழ்கிய கோத்தா திங்கிக்கு இந்தக் கேள்வி முக்கியம். உயரமான வண்டி என்பதற்காக ஓடும் வெள்ளத்தில் இறங்கக் கூடாது. இந்த வகை வண்டிக்கு அரை மீட்டர் ஆழமே எல்லை. அதுவும் நீர் ஓடாமல் நின்றால், அடித்தரை தெரிந்திருந்தால் மட்டும். கிளச் உறையின் அடியில் எண்ணெய் வடிய ஒரு துளை உண்டு. தண்ணீரைக் கடக்கும் முன் அதைத் திருகாணியால் மூடி, கடந்த பின் கழற்றிவிட வேண்டும். பிறகு பிரேக்கை மெதுவாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்துங்கள். ஆக்சில் எண்ணெய் பால் நிறமாகியிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள், உடனே மாற்றுங்கள்.

எல்லை தாண்டும் முன்

முதலில் மெர்சிங் வரை போய் வாருங்கள். எண்ணெய் ஒழுகுகிறதா, சூடு ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். மணிக்கு 70, 80 கிலோமீட்டர்தான் இவ்வண்டிக்கு இதமான வேகம். பெட்ரோல் எஞ்சின் லிட்டருக்கு ஏறக்குறைய 6, 7 கிலோமீட்டரே தரும். செலவைக் கணக்கிடும்போது இதை மறக்க வேண்டாம். தாய்லாந்துக்குள் போக ஜே.பி.ஜே.யின் அனைத்துலக வாகனப் பெர்மிட்டும் அந்நாட்டுக் காப்புறுதியும் வேண்டும். இந்தியா வரை போக நினைத்தால் 'கார்னெட்' எனும் சுங்க உறுதி ஆவணமும் தேவைப்படும்.

தோட்டத்து டிராக்டரையும் லோரியையும் உதிரிப்பாகம் இல்லாத காலத்திலேயே ஓட வைத்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வண்டி வாங்கப் போகும்போது அவர்களில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் "வேண்டாம்" என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.