உங்களுக்குத் தெரியுமா? வலி மாத்திரையில் சிக்கிய முதுமை

● அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடு மெடிகேர். ஓபியாய்டு எனப்படும் அபின் வகை மருந்துகளுக்கு அடிமையானவர்களை மீட்கும் மெத்தடோனுக்கு அந்நாடு 1972-லேயே அங்கீகாரம் தந்துவிட்டது. மெத்தடோன் மையங்களில் பெறும் சிகிச்சைக்கு மெடிகேர் பணம் கொடுக்கத் தொடங்கியதோ 2020 ஜனவரி 1 முதல்தான். வயதானவர்கள் எவ்வளவு காலம் கண்டுகொள்ளப்படாமல் இருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

● முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் டாக்டர் எழுதித் தரும் சீட்டிலிருந்தும் இந்தப் பழக்கம் தொடங்கும். 1996-ல் ‘ஆக்ஸிகான்டின்’ என்ற ஓபியாய்டு வலி மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது, இதில் அடிமையாகும் ஆபத்து குறைவு என்று சொல்லி விற்றார்கள். அப்படித் தவறாகச் சொல்லி விற்றதை, அதைத் தயாரித்த பர்டூ குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் 2007-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

● 30 வயதில் தாங்கிய அதே அளவு மார்ஃபின் 75 வயதில் ஆளைச் சாய்த்துவிடலாம். ஈரல் மார்ஃபினை மாற்றியதும் உண்டாகும் பொருள்களைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். வயதாக ஆக அதன் வேகம் குறைவதால் அவை உடம்பிலேயே தேங்குகின்றன. பகலெல்லாம் தூக்கம், தள்ளாட்டம், விழுந்து எலும்பு முறிவது, மலச்சிக்கல், பேச்சில் குழப்பம் என்று ஒவ்வொன்றாக வரும். வீட்டிலோ “வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடுவார்கள். மருந்து டப்பாவை ஒருமுறை திறந்து பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

● புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்னபடி மார்ஃபின் சாப்பிடும் பாட்டி போதை அடிமை அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேடு, ஓபியாய்டு அடிமை நோய்க்கு 11 அறிகுறிகளைச் சொல்கிறது. ஓராண்டுக்குள் குறைந்தது இரண்டு தென்பட்டால்தான் நோய். உடம்பு மருந்துக்குப் பழகுவதும், நிறுத்தினால் உபாதை வருவதும் மருத்துவர் கண்காணிப்பில் இருப்பவருக்குக் கணக்கில் சேராது. அடிமையாகிவிடுவாரோ என்று பயந்து, வலியில் துடிக்கும் பெரியவருக்கு மார்ஃபினை மறுப்பது கொடுமை. அந்தப் பட்டியலில் வேலையைச் சரியாகப் பார்க்க முடியாமல் போவதும் ஓர் அறிகுறி. ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவரிடம் அது வெளியே தெரியாது. அதனால் நோய் இருந்தும் பலர் பரிசோதனையில் தப்பிவிடுகிறார்கள்.

● மெத்தடோன் சிகிச்சையை நியூயார்க்கில் உருவாக்கியவர்கள் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள். அவர்களின் கட்டுரை வெளியானது 1965-ல். “ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?” என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை. பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்து 2017-ல் வந்த ஓர் ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது: மெத்தடோன் எடுத்துவந்த காலத்தில் ஆண்டுக்கு 1,000 பேரில் சுமார் 11 பேர் இறந்தார்கள், சிகிச்சையை விட்ட பிறகு சுமார் 36 பேர். உயிரைக் காப்பதற்குப் பெயர் போதை அல்ல, மருந்து. முதியவர்கள் இளைஞர்களைவிடச் சிகிச்சையை விடாமல் தொடர்வதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. “இந்த வயசுல இனி எதுக்கு?” என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

● இன்னொரு மருந்து ப்யூப்ரினார்ஃபின். அளவு கூடினாலும் ஓர் எல்லைக்கு மேல் இது மூச்சை அடக்குவதில்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் பெரும்பாலும் அளவைக் குறைக்க வேண்டியிருக்காது. நாக்கின் அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி வீண். வாய் வறண்ட பெரியவர்கள் முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். கரைந்த பின் வாய் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் துலக்க வேண்டும். இல்லாவிட்டால் பல் கெடும்.

● மெத்தடோன் எடுக்கும் முதியவருக்கு ஈசிஜி அவசியம். இதயத் துடிப்பின் ஒழுங்கை அந்த மருந்து குலைக்கக்கூடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினோ மெத்தடோனை உடம்பிலிருந்து வேகமாக விரட்டிவிடும்.

● ஓபியாய்டோடு தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம். அமெரிக்க மருந்து ஆணையம் 2016-ல் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது.

● ஓபியாய்டு மீட்புச் சிகிச்சையில் இருக்கிறார் என்பதற்காகவே ஒருவரைச் சேர்க்க மறுத்த முதியோர் பராமரிப்பு இல்லங்கள் அமெரிக்காவில் உண்டு. மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அது பாகுபாடு என்று 2018-ல் மாசசூசெட்ஸில் அரசு வழக்கறிஞர்கள் தலையிட்டார்கள்.

● மூச்சு அடங்கியவரை மீட்கும் நலாக்ஸோன் மூக்கு ஸ்ப்ரேயை, 2023 முதல் அமெரிக்காவில் சீட்டு இல்லாமலே வாங்கலாம். மறந்துபோய் இரண்டு வேளை மாத்திரையை ஒரே வேளையில் விழுங்கிய தாத்தாவையும் அது காப்பாற்றும். அதன் வீரியம் சீக்கிரம் குறைந்துவிடும் என்பதால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

● நம் நாட்டில் ட்ரமடால் என்ற ஓபியாய்டு வலி மாத்திரை 2018-ல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர் அதைப் பல மாதங்களாகச் சாப்பிட்டு வருகிறாரா? மாத்திரையைப் பிடுங்கி வைக்காதீர்கள், திட்டாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் உபாதை அதிகமாகும். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மத்திய அரசின் இலவச உதவி எண் 14446-லும் ஆலோசனை கேட்கலாம்.