வேகத்திற்கு முன் உறுதி

தயிரை மத்தால் கடைகிறோம். சுழலும் மரத்தை உளியால் செதுக்கி வடிவாக்குவதையும் தமிழில் ‘கடைதல்’ என்றே கூறுகிறோம். இவ்விரண்டு வேலைகளுக்கும் இடையே ஓர் ஒற்றுமை உண்டு. மத்தில் சுற்றிய கயிற்றின் இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால், மத்து முன்னும் பின்னுமாகச் சுழலும். பழங்காலக் கடைசல் கருவியும் அவ்வாறே இயங்கியது. கட்டில் கால், சப்பாத்திக் கட்டை, மரக்கிண்ணம், பம்பரம் போன்ற உருண்டை வடிவப் பொருள்கள் கடைந்து செய்யப்படுபவை.

எகிப்தில் பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறையில், ஏறக்குறைய கி.மு. 300ஆம் ஆண்டைச் சேர்ந்த புடைப்புச் சிற்பம் ஒன்று உள்ளது. அதில் ஒருவர் கயிற்றை இழுத்து மரத்தைச் சுழற்ற, மற்றொருவர் அதைக் கடைகிறார். ஒரு பொருளைச் செய்ய இருவர் தேவைப்பட்டனர். பின்னர், நடுக்கால ஐரோப்பாவில் தலைக்கு மேல் வளையக்கூடிய நீண்ட கழியையும் காலுக்குக் கீழே மிதிபலகையையும் கயிற்றால் இணைத்தனர். இதனால் ஒருவரே மரத்தைச் சுழற்றிக்கொண்டு இரு கைகளாலும் உளியைப் பிடிக்க முடிந்தது. எனினும், மரம் முன்னும் பின்னுமாகவே சுழன்றது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லியொனார்டோ டா வின்சி வரைந்த படமொன்றில், மிதிபலகையோடு கனமான சக்கரமும் இணைக்கப்பட்டிருந்தது. அச்சக்கரம் மரத்தை ஒரே திசையில் தொடர்ந்து சுழலச் செய்யும். பிற்காலத்தில் மின்சார மோட்டார் மனிதக் காலின் வேலையை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு குறிப்பிட்ட குறையைத் தீர்த்தது என்பதை நாம் இங்குக் கவனிக்க வேண்டும்.

இன்று பலர் வீட்டிலேயே சிறிய கடைசல் இயந்திரத்தை வைத்து, அதைத் தம் தேவைக்கேற்ப மேம்படுத்துகின்றனர். அதன் அமைப்பு எளிமையானது. மோட்டாரும் சுழல்தண்டும் உள்ள தலைப்பகுதி ஒரு முனையில் இருக்கும். மரத்தின் மறுமுனையைத் தாங்கும் வால்பகுதி எதிரே இருக்கும். இவை இரண்டும் நீண்ட இரும்புப் படுகையின்மேல் அமர்ந்திருக்கும். இடையில், உளியைச் சாய்த்துப் பிடிப்பதற்கான தாங்கி இருக்கும். இயந்திரத்தை மேம்படுத்த விரும்புவோரில் சிலர், முதலில் பெரிய மோட்டாரைப் பொருத்தி வேகத்தைக் கூட்ட நினைக்கின்றனர். இது சரியான வரிசையா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். இயந்திரம் நிமிடத்திற்கு 1,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரக்கட்டையின் விளிம்பு, மணிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். அதே சுழற்சியில் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் விளிம்போ மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். சுழற்சியை 2,000 ஆக்கினால், அது மணிக்கு 113 கிலோமீட்டராக உயரும். இது நெடுஞ்சாலையில் விரையும் காரின் வேகம்! மேலும், சுழற்சி இருமடங்கானால், மரத்தை வெளிப்புறமாக இழுக்கும் விசை நான்கு மடங்காகும். மரத்தில் வெடிப்பு இருந்தால் அது உடைந்து பறக்கக்கூடும். எனவே, மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அதைச் சுழற்சி எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் விடை 6,000 முதல் 9,000 வரை இருக்க வேண்டும் என்பதைக் கடைசல் கலைஞர்கள் பொது விதியாகக் கொள்கின்றனர். அவ்விதிப்படி, 12 அங்குலக் கிண்ணத்திற்கு 500 முதல் 750 சுற்றுகள் போதும். சமநிலை இல்லாத மரத்தை இதைவிடக் குறைந்த வேகத்தில்தான் தொடங்க வேண்டும்.

ஆகவே, மேம்பாட்டின் முதல் படி உறுதியாகும். கிளந்தான் மாநிலத்தில் புகழ்பெற்ற காசிங் எனும் கனமான பம்பரத்தை எண்ணிப் பாருங்கள். எடை ஒரு பக்கம் மிகுந்தால் அது தள்ளாடும். கடையப்படாத மரத்துண்டும் அவ்வாறே சுழலும்போது இயந்திரத்தை உலுக்கும். இலேசான மேசையின்மேல் இயந்திரம் இருந்தால் அதிர்வு மேலும் பெருகும். மேசையின் கால்களைத் தரைக்கு ஏற்பச் சமப்படுத்தி, இயந்திரத்தை மரையாணிகளால் இறுக்கி, கீழ்த்தட்டில் மணல் மூட்டைகளை வைத்தால் அதிர்வு வெகுவாகக் குறையும். இதற்கு ஆகும் செலவும் மிகக் குறைவு.

அடுத்தது நேர்த்தன்மை. தலைப்பகுதியின் கூர்முனையும் வால்பகுதியின் கூர்முனையும் ஒன்றையொன்று சரியாகச் சந்திக்க வேண்டும். அவை விலகியிருந்தால், மரத்தில் துளையிடும்போது துளை அகன்றுவிடும். உளித் தாங்கியின் மேல்விளிம்பையும் சோதிக்க வேண்டும். அதில் சிறு பள்ளங்கள் இருந்தால் உளி தடைப்பட்டுத் தாவும். அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினால் உளி சீராக நகரும்.

இவற்றுக்குப் பிறகே வேகக் கட்டுப்பாட்டைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். சாதாரண இயந்திரத்தில் வேகத்தை மாற்ற, வார்ப்பட்டையை ஒரு கப்பியிலிருந்து வேறு அளவுள்ள கப்பிக்கு நகர்த்துவர். மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தினால், ஒரு குமிழைத் திருகியே வேகத்தை மாற்றலாம். ஆனால், இதற்கும் எல்லை உண்டு. கப்பிகளைக் கொண்டு சுழல்தண்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், அதன் சுழற்று விசை ஏறக்குறைய இருமடங்காகும். மின்னணு முறையில் மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும்போது அந்த ஆதாயம் கிடைப்பதில்லை. மோட்டாரின் தண்டிலேயே விசிறி பொருத்தப்பட்டிருந்தால், மெதுவாகச் சுழலும்போது காற்றும் குறைந்து மோட்டார் சூடேறும். அதனால் கப்பிகளையும் குமிழையும் சேர்த்துப் பயன்படுத்துவதே சிறந்தது. மின்சார இணைப்புகளைத் தகுதி பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். இக்கருவிகள் சிலவற்றில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

ஒரு பகுதியை மாற்றினால் மற்றப் பகுதிகளும் பாதிக்கப்படும். எடுத்துக்காட்டாக, பெரிய கிண்ணம் கடைவதற்காகத் தலைப்பகுதியின் அடியில் கட்டைகளை வைத்து உயர்த்துவோர் உண்டு. அப்போது வால்பகுதியையும் உளித் தாங்கியையும் அதே அளவு உயர்த்த வேண்டும். உயரம் கூடியதால் அதிர்வும் கூடும். சுழல்தண்டைத் தாங்கும் பகுதிகளின்மேல் சுமை ஏறும். கிண்ணத்தின் அளவு கூடியதால், முன்பு பாதுகாப்பாக இருந்த வேகம் இப்போது ஆபத்தாகிவிடும்.

பாதுகாப்பும் மேம்பாட்டின் ஒரு பகுதியே. நிறுத்தும் பொத்தான், சுழலும் மரத்தைத் தாண்டிக் கையை நீட்டாமல் அழுத்தக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். மின்தடை நீங்கியதும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்காத வகைப் பொத்தான் மிகவும் நல்லது. பழைய வகைக் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்வதால், சுழலும் பொருள் நிற்பதுபோலத் தோன்றக்கூடும். ஆகவே, பொருத்தமான விளக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் பொருளென அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. எனவே, தூளை உறிஞ்சும் குழாயும் மூச்சுக் காப்பும் தேவை. முகத்தை முழுமையாக மறைக்கும் கண்ணாடிக் காப்பையும் அணிய வேண்டும். மாற்றியமைத்த இயந்திரத்தை முதன்முறை இயக்கும்போது, மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, மரம் பறக்கக்கூடிய திசையிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

கடைசல் கருவி கயிற்றிலிருந்து மோட்டாருக்கு வளர்ந்தது ஒரே நாளில் அன்று. குறையைக் கண்டறிந்து, அதற்கேற்ற மாற்றத்தை ஒவ்வொன்றாகச் செய்ததால்தான் அது வளர்ந்தது. வீட்டு இயந்திரத்தை மேம்படுத்துவோரும் இதே வழியைப் பின்பற்றலாம். முதலில் இயந்திரத்தை இயக்கி, எங்கே அதிர்கிறது, எங்கே தடைப்படுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, அதன் பயனைச் சோதித்த பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். அவ்வாறு செய்தால் பணமும் வீணாகாது. கைக்கும் கண்ணுக்கும் தீங்கும் நேராது.