மூன்று விசில், ஒரே முடிவு: கூடைப்பந்து நடுவர்கள் களத்தில் எப்படி வேலை பார்க்கிறார்கள்?

கோவைக்காரர்களுக்கு கூடைப்பந்து புதுசு இல்லை. நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பெண்களுக்கான சிஆர்ஐ பம்ப்ஸ் கோப்பை, பீளமேட்டில் பி.எஸ்.ஜி. கோப்பை என அகில இந்தியப் போட்டிகள் இங்கே பல ஆண்டுகளாக நடக்கின்றன. ரயில்வே, விமானப்படை, இந்தியன் வங்கி மாதிரியான அணிகள் மோதும்போது கேலரி நிரம்பிவிடும். அந்தக் கூட்டத்தில் இருந்து எப்படியும் ஒரு குரல் வரும்: "ஏனுங்க ரெஃப்ரி, அது ஃபவுல்னு தெரியலீங்களா?"

உண்மையில் அந்த நடுவர் அந்த நொடியில் பந்தைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். அது தப்பும் இல்லை. வேறு இடத்தைப் பார்ப்பதுதான் அப்போது அவருடைய வேலை. ஏன் அப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

களத்தில் எத்தனை நடுவர்கள்?

சர்வதேச கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி ஒரு தலைமை நடுவர் இருப்பார். அவருடன் ஒருவரோ இருவரோ துணை நடுவர்களாக இருப்பார்கள். பெரிய போட்டிகளில் மொத்தம் 3 பேர். பள்ளி, கல்லூரி, உள்ளூர் போட்டிகளில் பெரும்பாலும் 2 பேரே சமாளிப்பார்கள். அமெரிக்காவின் என்பிஏ தொடரிலேயே 1988-ல்தான் 3 நடுவர் முறை நிரந்தரமானது.

ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதற்குள் 10 வீரர்கள். கூடைக்கு அடியில் ஒருவர் ஜெர்சியை ஒருவர் பிடிப்பார், முழங்கையால் இடிப்பார், இடுப்பால் தள்ளுவார். ஒரு ஜோடிக் கண்ணால் இத்தனையையும் பார்க்க முடியாது. வேலையைப் பிரித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

விசிலுக்கு முன்பே தொடங்கும் வேலை

ஆட்டத்துக்கு 20 நிமிடம் முன்பே நடுவர்களின் அதிகாரம் தொடங்கிவிடுகிறது. வீரர்கள் வார்ம்-அப் செய்யும்போது ஓரமாக நிற்கிறார்களே, அது சும்மா நிற்பது இல்லை. மோதிரம், செயின் மாதிரி அடுத்தவருக்குக் காயம் ஏற்படுத்தும் பொருளை யாராவது அணிந்திருக்கிறார்களா, கடிகாரமும் ஷாட் கிளாக்கும் சரியாக ஓடுகின்றனவா, பந்தில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 10 நிமிடம் இருக்கும்போது இரு பயிற்சியாளர்களும் வீரர் பட்டியலை உறுதிசெய்து, முதலில் இறங்கும் 5 பேரைக் குறித்து ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்திட வேண்டும்.

இதைவிட முக்கியமானது, அதற்கும் முன்னால் நடுவர்கள் தனியாக உட்கார்ந்து பேசும் சந்திப்பு. எந்த அணி வேகமாக ஓடி ஆடும்? எந்த அணி உயரமான வீரரை நம்பி உள்ளே பந்தைக் கொடுக்கும்? முழுக் களத்திலும் நெருக்கி ஆடினால் யார் எங்கே நிற்பது? கடைசி நொடியில் ஷாட் போட்டால் கடிகாரத்தையும் கையையும் சேர்த்துப் பார்ப்பது யார்? எல்லாவற்றையும் இங்கேயே பேசி முடித்துவிடுவார்கள். கடைசி நொடியில் "நீங்க பார்த்தீங்களா, நான் பார்க்கலையே" என்று நின்றால் ஒரு அணியின் கோப்பையே பறிபோகும்.

உடல் தகுதியும் இதில் அடக்கம். வீரருக்கு மாற்று வீரர் உண்டு, நடுவருக்கு அப்படி இல்லை. 10 நிமிடம் வீதம் 4 கால்பகுதியும் வீரர்களோடு ஓட வேண்டும். அதனால்தான் பீப் ஒலிக்கு ஏற்ப 20 மீட்டர் தூரத்தை மாற்றி மாற்றி ஓடும் சோதனை நடுவர்களுக்கும் வைக்கப்படுகிறது.

பந்தை ஏன் எல்லோரும் பார்ப்பதில்லை?

3 நடுவர் முறையில் 3 இடங்கள் உண்டு. கூடைக்குப் பின்னால் எல்லைக்கோட்டில் நிற்பவர் லீட். பந்து இருக்கும் பக்கம், சற்றுப் பின்னால் வருபவர் டிரெயில். எதிர்ப்பக்க ஓரத்தில் நிற்பவர் சென்டர். பாதிக் களத்தை மூன்றாகப் பிரித்து ஆளுக்கொரு பகுதி.

பந்து யாருடைய பகுதியில் இருக்கிறதோ அவர் பந்தையும் அதைச் சுற்றி இருப்பவர்களையும் பார்ப்பார். மற்ற இருவரும் பந்து இல்லாத வீரர்களைக் கவனிப்பார்கள். மறைத்து நிற்பது, கையைக் கோத்துப் பிடிப்பது, ரீபவுண்டுக்காகத் தள்ளுவது எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். கேலரியில் இருப்பவர் பந்தின் மேலேயே கண்ணை வைத்திருப்பதால் திடீரென விசில் வந்ததும் "எதுக்கு அடிச்சாங்க?" என்று குழம்புகிறார்.

இந்த இடங்கள் நிலையானவை அல்ல. பந்து மறுபக்கம் போனால் லீட் கூடைக்குப் பின்னாலேயே அந்தப் பக்கம் நகர்வார். அதைப் பார்த்ததும் சென்டர் டிரெயில் ஆவார், டிரெயில் சென்டர் ஆவார். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒருவர் நகர்வதைப் பார்த்தே மற்ற இருவரும் மாறிக்கொள்ள வேண்டும். ஒருவர் கவனிக்கத் தவறினால் ஒரே பகுதியை இருவர் பார்ப்பார்கள், இன்னொரு பகுதியை யாருமே பார்க்க மாட்டார்கள்.

ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் விசில் அடிச்சா?

ஆட்டத்தில் அடிக்கடி நடக்கும் விஷயம் இது. ஒருவர் கூடையை நோக்கிப் பாய்கிறார், தடுப்பவர் மேல் மோதி இருவரும் விழுகிறார்கள். டிரெயில் பார்வையில் அது தடுத்தவரின் தவறு. லீட் பார்வையில் பாய்ந்தவரின் தவறு. இருவருமே தங்கள் முடிவை உடனே கையால் காட்டிவிட்டால் கதை கந்தல்.

அதனால்தான் ஃபவுலுக்கு விசில் அடித்ததும் முதலில் மூடிய முஷ்டியை மட்டும் உயர்த்துகிறார்கள். கடிகாரத்தை நிறுத்தச் சொல்லும் சைகை அது. டிராவலிங் போன்ற விதிமீறல் என்றால் விரித்த உள்ளங்கை. கை மேலே இருக்கும்போதே சக நடுவரின் கையும் உயர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். அது யாருடைய பகுதியோ, அவர் முடிவைச் சொல்வார். மற்றவர் கையை இறக்கிவிடுவார்.

முடிவெடுத்தவர் மேஜைக்குத் தெரியும்படி நின்று மூன்று விஷயங்களை வரிசையாகக் காட்டுவார்: வீரரின் எண், என்ன ஃபவுல், அடுத்து ஃப்ரீ த்ரோவா பந்து வீச்சா. சத்தமான அரங்கில் கத்திப் பேசி எதையும் புரியவைக்க முடியாது. அதனால் கைதான் மொழி.

ஒருவர் முடிவை மற்றவர் மாற்றலாமா?

முடியாது. தலைமை நடுவராகவே இருந்தாலும், துணை நடுவர் தன் பொறுப்புக்குள் எடுத்த முடிவை ரத்து செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தகவல் கொடுக்கலாம். "பந்து வெளியே போகும்போது கடைசியா நீல ஜெர்சி விரல் பட்டுச்சு" என்று சக நடுவர் சொன்னால், முதலில் முடிவு சொன்னவரே அதை மாற்றுவார். நடுவர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தாலும், விதிப்புத்தகத்தில் இல்லாத சூழல் வந்தாலும் கடைசி வார்த்தை தலைமை நடுவருடையது.

மேஜையில் இருப்பவர்களும் அணிதான்

ஸ்கோரர், உதவி ஸ்கோரர், டைமர், ஷாட் கிளாக் இயக்குபவர் என 4 பேர் மேஜையில் இருப்பார்கள். ஷாட் போட அணிக்கு 24 விநாடி. பந்து வளையத்தில் பட்டுத் திரும்பி, அதே அணி ரீபவுண்ட் எடுத்தால் 14 விநாடி. வளையத்தில் படாமல் அதே அணியிடம் வந்தால் கடிகாரம் நிற்காமல் ஓட வேண்டும். ஷாட் கிளாக் இயக்குபவர் தவறாக ஒரு பட்டனை அழுத்தினால் ஆட்டத்தின் போக்கே மாறும். ஒரு வீரரின் 5-வது ஃபவுலை ஸ்கோரர் கவனிக்காவிட்டால், வெளியேற வேண்டியவர் தொடர்ந்து ஆடிக்கொண்டிருப்பார்.

3 விநாடியில் மாறிய தங்கம்

மேஜைக்கும் களத்துக்கும் தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதிப்போட்டியே சாட்சி. 3 விநாடி மீதமிருக்க அமெரிக்கா 50-49 என முன்னிலை. டைம் அவுட் கேட்டோம், தரவில்லை என்று சோவியத் தரப்பு மேஜையில் முறையிட, ஆட்டம் நின்றது. அப்போது ஃபிபா பொதுச்செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் தலையிட்டு 3 விநாடியை மீண்டும் வைக்கச் சொன்னார். கடிகாரத்தைச் சரியாக மாற்றி முடிக்கும் முன்பே ஆட்டம் தொடங்கிவிட்டதால் இன்னொரு முறையும் ஆட வேண்டி வந்தது. அந்த முறை அலெக்சாண்டர் பெலோவ் பந்தைக் கூடையில் போட, சோவியத் யூனியன் 51-50 என வென்றது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை. அன்று களத்தில் இருந்தது 2 நடுவர்கள்.

இன்று நேரம் முடிந்தால் கூடைப் பலகையைச் சுற்றி சிவப்பு விளக்கு எரியும். அதற்கு முன் பந்து கையை விட்டுப் போயிருந்தால் கூடை செல்லும். வசதி இருக்கும் போட்டிகளில் ரீப்ளேயும் பார்க்கலாம்.

நம்மூர் மைதானங்களில் இந்த வசதி எல்லாம் எப்போதும் கிடைக்காது. உடற்கல்வி ஆசிரியர்களும் முன்னாள் வீரர்களும் வார இறுதியில் விசிலோடு வந்து நிற்பார்கள். ரீப்ளே இல்லாத இடத்தில், ஒரு மாணவனின் ஆட்டத்தைத் தீர்மானிப்பது அவர்கள் முன்கூட்டியே பேசி வைத்த ஐந்து நிமிடப் பேச்சும், சரியான இடத்தில் நிற்கும் காலும்தான்.

அடுத்த மேட்சில் ஒரே ஒரு நிமிடம் பந்தை விட்டுவிட்டு, கூடைக்குப் பின்னால் நிற்கும் நடுவரை மட்டும் பாருங்கள். நீங்கள் பார்க்காத இன்னொரு ஆட்டம் அங்கே நடந்துகொண்டிருக்கும்.