நுரையீரல் புற்றுநோயில் துணை வேதிச்சிகிச்சை ஆய்வுகள்

துணை வேதிச்சிகிச்சை என்பது புற்றுக்கட்டியை அறுவை மூலம் அகற்றிய பின், உடலில் எஞ்சியிருக்கக்கூடிய புற்றுச் செல்களை அழிக்கத் தரப்படும் மருந்துச் சிகிச்சை ஆகும். நுரையீரல் புற்றுநோய்களில் பெரும்பான்மையானவை சிறு செல் அல்லாத வகையைச் சேர்ந்தவை. இவ்வகையில் கட்டி முழுவதுமாக நீக்கப்பட்ட பிறகும் பலருக்கு மூளை, எலும்பு போன்ற தொலைவான உறுப்புகளில் நோய் மீண்டும் தோன்றுகிறது. ஆகவே உடல் முழுவதும் செல்லும் மருந்து தேவை என்ற எண்ணம் இயல்பானதே. அம்மருந்து உண்மையில் ஆயுளைக் கூட்டுகிறதா என்பதை நிறுவுவதற்குத்தான் பல பத்தாண்டுகள் ஆயின.

1995இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு இதில் ஒரு திருப்புமுனை. 52 சோதனைகளில் பங்கேற்ற 9,387 நோயாளிகளின் தனித்தனித் தரவுகள் அதில் ஒன்றுசேர்க்கப்பட்டன. சைக்ளோபாஸ்பமைடு போன்ற பழைய மருந்துகளை அறுவைக்குப் பின் நீண்டகாலம் பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. நன்மை கருதித் தந்த சிகிச்சை தீங்காக முடிந்திருந்தது. சிஸ்பிளாட்டின் கலந்த சிகிச்சையிலோ இறப்பு இடர் 13% குறைந்தது. ஐந்தாண்டு உயிர்வாழ்வில் இது ஏறத்தாழ 5% கூடுதலாகும். ஆனால் இந்த வேறுபாடு தற்செயலானதாகவும் இருக்கலாம் என்ற ஐயம் நீங்கவில்லை. சிஸ்பிளாட்டின் தொடர்பான சோதனைகளில் இருந்தவர்கள் 1,394 பேர் மட்டுமே. இவ்வளவு சிறிய வேறுபாட்டை உறுதிசெய்ய அந்த எண்ணிக்கை போதாது.

இதைத் தீர்க்க, 1,867 நோயாளிகளைக் கொண்ட பன்னாட்டுச் சோதனை ஒன்று நடத்தப்பட்டது. 2004இல் வெளியான அதன் முடிவின்படி, ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர் சிகிச்சை பெற்ற குழுவில் 44.5%, பெறாத குழுவில் 40.4%. சிகிச்சையின் நச்சு விளைவால் 7 பேர் இறந்தனர்.

இந்த நான்கு விழுக்காட்டை எப்படிப் புரிந்துகொள்வது? நூறு பேருக்கு மருந்து கொடுத்தால், மருந்து இல்லாமலே ஐந்தாண்டு வாழக்கூடிய நாற்பது பேர் அதில் இருப்பர். கூடுதலாக நான்கு பேர் அந்த எல்லையை எட்டுவர். ஏனையோர் மருந்து பெற்றும் எட்டமாட்டார்கள். வாந்தி, வெள்ளணுக் குறைவு, சிறுநீரகப் பாதிப்பு, காது கேட்கும் திறன் குறைதல் ஆகிய இடர்களோ நூறு பேருக்கும் உண்டு. அந்த நான்கு பேர் யார் என்பதை முன்கூட்டியே அறிய வழியில்லை என்பதே இதிலுள்ள சிக்கல்.

நோயின் நிலையைப் பொறுத்தும் பயன் மாறுகிறது. ஐந்து பெரிய சோதனைகளின் 4,584 நோயாளிகளை ஆராய்ந்து 2008இல் வெளியிடப்பட்ட தொகுப்பாய்வு, ஐந்தாண்டில் 5.4% நன்மையைக் காட்டியது. இரண்டாம், மூன்றாம் நிலைகளில் பயன் தெளிவாகத் தெரிந்தது. மிகச் சிறிய கட்டியுள்ள முதல் நிலையின் தொடக்கப் பிரிவில் பயன் காணப்படவில்லை, தீங்கு நேரலாம் என்ற ஐயமே எழுந்தது. அப்பிரிவினருக்குப் பொதுவாக இச்சிகிச்சை தரப்படுவதில்லை.

அண்மைய மருந்துகள் சிஸ்பிளாட்டினை முற்றிலும் அகற்றிவிடவில்லை. நோயெதிர்ப்பு மருந்தான அட்டெசோலிசுமாப் பற்றி 2021இல் வெளியான சோதனையில், பங்கேற்ற அனைவருக்கும் அறுவைக்குப் பின் முதலில் சிஸ்பிளாட்டின் சிகிச்சையே அளிக்கப்பட்டது. புதிய மருந்து அதன் பிறகே தொடங்கப்பட்டது.