மறுப்பும் ஒரு மடல்தான்

சில ஆண்டுகளுக்கு முன், புனேயில் நாம் பணியாற்றிய கிளைக்குத் தையலகம் நடத்தும் பெண்மணி ஒருவர் வந்தார். புதிய இயந்திரங்கள் வாங்க மூன்று லட்சம் ரூபாய் கடன் கேட்டு விண்ணப்பித்திருந்தவர் அவர். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 'வங்கியின் விதிமுறைகளுக்குப் பொருந்தவில்லை' என்ற ஒற்றை வரிக் கடிதத்தை அவருக்கு அனுப்பியிருந்தோம். அக்கடிதத்தை மேசைமீது வைத்து அவர் கேட்டார்: "சாஹேப், நீங்கள் வேண்டாம் என்பது என்னையா, என் காகிதங்களையா? காகிதங்கள் என்றால் எந்தக் காகிதம் என்று சொல்லுங்கள்."

வாடிக்கையாளர் பலர் முன்னிலையில் கேட்கப்பட்ட அக்கேள்வி நம்மைச் சுட்டது. அன்று மாலைவரை அவர்மீது சினமே மேலோங்கி நின்றது. சினம் தணிந்து கோப்பைப் புரட்டியபோதுதான் பிழை நம்முடையது என்பது விளங்கிற்று. கடன் விண்ணப்பத்தை மறுக்கும் வங்கி, அதற்கான முதன்மைக் காரணங்களை எழுத்து வாயிலாகத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி வகுத்த நெறி. நாம் அனுப்பிய வரியில் முடிவு இருந்தது, காரணம் இல்லை.

ஆளா, செயலா?

மறுக்கப்படும்போது நம் மனம் முதலில் செய்யும் தவறு, செயலின்மீது வந்த தீர்ப்பை ஆளின்மீது ஏற்றிக்கொள்வதாகும். 'என் விண்ணப்பம் தேறவில்லை' என்பது 'நான் தேறாதவன்' என்று மாறிவிடுகிறது. முன்னதற்குத் திருத்தம் உண்டு. பின்னதற்கு வருத்தம் மட்டுமே உண்டு. அப்பெண்மணி முதல் நாளிலேயே இவ்விரண்டையும் பிரித்துக் கேட்டார். வங்கிப் பணியில் பல்லாண்டு கழித்த நமக்கு அது புதுப்பாடமாக அமைந்தது.

எல்லா விமர்சனமும் சரியா?

இல்லை என்பதற்கு அறிவியல் வரலாறே சான்று. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று கேம்பிரிட்ஜ் சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1935 ஜனவரி 11 அன்று லண்டனில், ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் தம் ஆய்வை முன்வைத்தார். அப்போது அவருக்கு வயது 24. சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுடைய விண்மீன், தன் எரிபொருள் தீர்ந்தபின் வெண்குறுமீனாக நிலைபெற இயலாது என்பது அவர் கண்ட முடிவு. அடுத்துப் பேச எழுந்த ஆர்தர் எடிங்டன், அக்கால வானியலின் பெரும்புகழாளர். அவர் அம்முடிவை எள்ளி ஒதுக்கினார்.

சந்திரசேகர் தம் கணக்கை மீண்டும் சரிபார்த்தார். பிற இயற்பியலாளர்களிடம் கருத்துக் கேட்டார். பிழை இல்லை என உறுதியானபின், 1939-இல் வெளியிட்ட நூலில் அதைப் பதிவு செய்துவிட்டு வேறு ஆய்வுத் துறைக்குச் சென்றார். எடிங்டனிடம் கொண்ட மதிப்பையும் கைவிடவில்லை. 1983-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அவர் கண்ட எல்லை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. விமர்சனத்தை எடைபோட வேண்டியது சொன்னவரின் பெருமையால் அன்று, சொன்ன காரணத்தின் வலிமையால்.

மறுப்புக்குப்பின் மூன்று படிகள்

முதலாவது, காரணத்தைக் கேட்டுப் பெறுவது. கேட்பது இழிவன்று, உரிமை.

இரண்டாவது, சொல்லப்பட்ட காரணம் உண்மைதானா எனச் சரிபார்ப்பது. கடன் மதிப்பெண் குறைவு என்றால், நாட்டிலுள்ள நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். அறிக்கையில் பிழை இருப்பின் முறையிடலாம். 30 நாள்களுக்குள் தீர்வு கிட்டாவிடில், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு பெற வழியுண்டு.

மூன்றாவது, காரணம் உண்மையெனில் அதை மட்டும் திருத்துவது. கசப்பான பகுதி இதுவே. பயன் தருவதும் இதுவே.

அவர் திரும்பி வந்தார்

மறுநாள் அப்பெண்மணியை அழைத்து இரு காரணங்களை எழுதிக் கொடுத்தோம். கணவரின் தம்பி வாங்கிய வாகனக் கடனுக்கு அவர் பிணை நின்றிருந்தார். அக்கடனின் தவணைகள் தவறியிருந்தன. பிணை நின்றவரின் கடன் அறிக்கையிலும் அது பதிவாகும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அடுத்து, கடையின் வரவு முழுவதும் ரொக்கமாகவே புழங்கியதால், நாள்தோறும் நடக்கும் வணிகத்திற்குக் கணக்கில் சான்றில்லை.

அவர் நம்மைக் குறைகூறவில்லை. தம் விதியையும் நொந்துகொள்ளவில்லை. குடும்பத்தாரிடம் பேசி நிலுவையைத் தீர்க்கச் செய்தார். கடையில் க்யூஆர் அட்டையை மாட்டினார். மாலைதோறும் ரொக்கத்தையும் கணக்கில் செலுத்தினார். பதினொரு மாதங்கள் கழித்து மீண்டும் விண்ணப்பித்தார். இம்முறை முத்ரா திட்டத்தின்கீழ்க் கடன் கிடைத்தது.

ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட அன்று, "நீங்கள் எழுதிக்கொடுத்த தாள் இன்னும் கடைச் சுவரில் இருக்கிறது" என்றார். நம்மிடமும் அவர் விட்டுச்சென்றது ஒன்று உண்டு. அதன்பின் எக்கிளையில் பணியாற்றினாலும், காரணம் எழுதப்படாத மறுப்புக் கடிதத்தில் நாம் கையொப்பமிட்டதில்லை.