அந்த ‘டொக் டொக்’ சத்தம்

பெங்களூர்ச் சாலைகள் காரின் பால் ஜாயின்ட்டைச் சீக்கிரமே தேய்த்துவிடுகின்றன. தேய்ந்த மூட்டு முன்கூட்டியே எச்சரிக்கிறது. அதைக் காதில் வாங்காமல் இருப்பதுதான் ஆபத்து.

பெங்களூர் டவுன் ஹாலில் தொடங்கி மினர்வா சர்க்கிள் நோக்கி நீளும் ஜே.சி. ரோட்டில் கார் உதிரிப் பாகக் கடைகள் வரிசைகட்டி நிற்கின்றன. கிழிந்த துணியில் சுற்றிய பழைய பாகத்தைக் கையில் பிடித்தபடி கடை கடையாக ஏறி இறங்கும் மெக்கானிக் பையன்கள் இங்கே அன்றாடக் காட்சி. மழைக்காலம் வந்து குழிகளைத் தண்ணீர் மூடிக்கொண்டால் ஷாக் அப்சார்பர், டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் உருவத்தில் சிறியதும் பொறுப்பில் பெரியதும் பால் ஜாயின்ட்.

கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிய எஃகு உருண்டை. அதிலிருந்து நீளும் ஒரு தண்டு. உருண்டை ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். இடையில் வழுவழுப்பான பிளாஸ்டிக் உறையும் கிரீஸும். மேலே ரப்பர் மூடி. மனிதனின் தோள்மூட்டு எப்படியோ அப்படித்தான் இதுவும். சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்க வேண்டும், அதே நேரத்தில் இடமும் வலமும் திரும்ப வேண்டும். இரண்டுக்கும் இடம் கொடுத்து, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை லோயர் ஆர்முடன் இணைத்து வைப்பது இந்த மூட்டுதான்.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஓடிய காலத்தில் இந்த வேலையில் பெரும்பங்கு கிங் பின்னுடையது. கிரீஸ் கன்னோடு அடிக்கடி அதற்குச் சேவகம் செய்ய வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1952-ல் லிங்கன் கார்களின் முன்பக்கத்தில் பால் ஜாயின்ட் இடம்பிடித்தது. இந்தியாவில் 1983-ல் வந்த மாருதி 800, மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பை நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்குக் கொண்டுவந்தது. இந்த அமைப்பில் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே ஒரு பால் ஜாயின்ட். பெரும்பாலும் ஆயுள் முழுவதற்குமான கிரீஸை உள்ளே வைத்தே மூடி விடுகிறார்கள். பராமரிப்புத் தொல்லை குறைந்தது. கூடவே, குனிந்து பார்க்கும் பழக்கமும் போனது.

சாவு ரப்பரில் தொடங்குகிறது. கல் பட்டோ, வயதாகி வெடித்தோ அந்த மூடி கிழிந்தால் கிரீஸ் வெளியே வரும், சேறும் மணலும் உள்ளே போகும். பிறகு உருண்டை சுழலும்போதெல்லாம் மணல் அதை அரைக்கும். குழியும், அளவில்லாமல் போட்ட ஹம்ப்பும் சேர்ந்து அடிக்கும்போது இடைவெளி பெரிதாகும். மேடுபள்ளத்தில் முன்பக்கத்திலிருந்து ‘டொக் டொக்’ என்று சத்தம். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், அல்லது நேர்ச்சாலையிலும் அலையும். டயர் ஓர் ஓரமாகத் தேயும். ரேடியோ சத்தத்தை உயர்த்தி இதைச் சமாளிப்பவர்கள் உண்டு. கடைசிக் கட்டத்தில் உருண்டை கிண்ணத்தை விட்டே கழன்றுவிடும். சக்கரத்தின் அடிப்பாகம் வெளியே சாய, கார் அந்தப் பக்கமாக உட்காரும். வீட்டு வாசலில் நடந்தால் செலவு. நெடுஞ்சாலை வேகத்தில் நடந்தால் ஸ்டியரிங் பிடித்திருப்பவரால் செய்யக்கூடியது அதிகமில்லை.

இந்தச் சின்ன உருண்டையின் முக்கியத்துவம் டொயோட்டாவுக்கும் தெரியும். முன்பக்கப் பால் ஜாயின்ட்டின் உருண்டையில் தயாரிப்பின்போது கீறல் விழுந்திருக்கலாம் என்ற காரணத்துக்காக 2005-ல் அமெரிக்காவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அந்த நிறுவனம் திரும்ப அழைத்தது. வெறும் கீறல்தான். மணல் புகுந்த மூட்டின் கதி சொல்லாமலே விளங்கும்.

சோதனை கடினமல்ல. சமதளத்தில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து முன்சக்கரத்தைத் தொங்கவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போவது தற்கொலைக்குச் சமம். சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து 12 மணியிலும் 6 மணியிலும் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங் மீது சந்தேகம். இன்னொருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றால் குற்றவாளி பேரிங், தொடர்ந்தால் பால் ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். 9 மணி, 3 மணி நிலையில் ஆடினால் முதலில் டை ராட் எண்டைக் கவனிப்பது வழக்கம். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் டார்ச் அடித்து ரப்பர் மூடியைப் பார்த்துவிட்டால் நோயை ஆரம்பத்திலேயே பிடிக்கலாம்.

மாற்றுவதில்தான் கவனம் தேவை. சில கார்களில் பால் ஜாயின்ட் தனியாகக் கிடைக்கும். போல்ட்டில் மாட்டியிருக்கும், அல்லது பிரஸ்ஸில் வைத்து ஏற்ற வேண்டும். பல கார்களில் லோயர் ஆர்மோடு சேர்ந்தே வருவதால் ஆர்மையே மாற்றியாக வேண்டும். நக்கிளிலிருந்து தண்டைப் பிரிக்கப் புல்லர் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் சுத்தியல் பேசும். குறி தவறினால் புதிய மூட்டின் ரப்பரே கிழியும். பழைய ஸ்பிளிட் பின்னையும் லாக் நட்டையும் மறுபடி போடக் கூடாது. நட்டை டார்க் ரென்ச் வைத்து, கம்பெனி கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் புது டயர் வாங்கும் செலவு சீக்கிரமே வந்து சேரும். ஒரு பக்கம் தேய்ந்தால் மறுபக்கமும் அதே குழிகளில்தான் ஓடியிருக்கிறது என்பதால் இரண்டையும் சோதிப்பது புத்திசாலித்தனம்.

எதை வாங்குவது என்பது அடுத்த சிக்கல். சென்னையைச் சேர்ந்த ரானே (மெட்ராஸ்) போன்ற நிறுவனங்கள் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மூட்டுகளைத் தயாரிக்கின்றன. அதே சந்தையில் பெட்டியும் லேபிளும் மட்டும் ஒத்துப்போகும் போலிகளும் புழங்குகின்றன. சிவாஜி நகரில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகளில் கதவோ கண்ணாடியோ வாங்கலாம். பால் ஜாயின்ட் மட்டும் பழையது வேண்டாம். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பில் கேட்பது, பெட்டியின் முத்திரையைப் பார்ப்பது, பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது ஆகிய மூன்றும் ஏமாற்றத்துக்குப் பாதி மருந்து.

செலவை யார் தருவது? பெங்களூர்க் குழிகள் குறித்து 2015-ல் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2019-ல் ஒரு முக்கிய உத்தரவு பிறப்பித்தது. நல்ல சாலை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது, குழிகளால் பாதிக்கப்பட்டவர்கள் மாநகராட்சியிடம் இழப்பீடு கேட்கலாம் என்றது நீதிமன்றம். அந்த மாநகராட்சியே 2025-ல் ஐந்தாகப் பிரிந்து, கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் வந்துவிட்டது. விபத்துக்கு ஒரு குழியைச் சுட்டிக்காட்டலாம். பால் ஜாயின்ட்டோ ஆயிரம் குழிகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வது. எந்தக் குழியின் மீது புகார் எழுதுவது?

ஆகவே பில் கார்க்காரர் தலையில்தான் விழுகிறது. சிறிய கார்களுக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் ரூபாய் வரை. கடைகளில் பார்க்கிங் கிடைக்க அலையும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டால் ஒரு நாள் போகும். முன்சக்கரம் கழன்று நடுரோட்டில் நிற்பதோடு ஒப்பிட்டால், இது மலிவு. குழிகளை மூடுவது கார்க்காரர் கையில் இல்லை. ‘டொக் டொக்’ கேட்ட அன்றே வண்டியைக் கராஜுக்கு விடுவது அவர் கையில்தான் இருக்கிறது.