கிரிவலம் முடிச்சு வர்றதுக்குள்ள ரெடி... முட்டை இல்லாத வாழைப்பழ புட்டிங்!

பௌர்ணமி முடிஞ்ச மறுநாள் திருவண்ணாமலையில பல வீடுகள்ல ஒரே பிரச்னைதான். வாழைப்பழம்! அர்ச்சனைத் தட்டுல தேங்காயோடு ரெண்டு பழம் வரும். அண்ணாமலையார் கோயில்ல ஒரு தட்டு, வழியில அஷ்டலிங்கங்கள்ல ஒவ்வொரு சந்நிதியிலும் ஒண்ணுனு வாங்கினா, கணக்கு நீங்களே போட்டுக்கலாம். ஊர்ல இருந்து சொந்தக்காரங்க வந்திருந்தா அவங்க பையும் சேர்ந்துடும். எல்லாப் பழமும் ஒரே நாள்ல பழுக்கும். பிரசாதமாச்சே, குப்பையில போடவும் மனசு வராது.

வழக்கமா பால்ல பிசைஞ்சு சாப்பிடுவோம், இல்லைன்னா அப்பம் சுடுவோம். இந்த முறை புட்டிங் செஞ்சு பாருங்க. பிஸ்கட், வாழைப்பழம், கஸ்டர்டுனு அடுக்கடுக்கா போட்டு, குளிர வெச்சு சாப்பிடுற அமெரிக்கத் தென்மாநிலங்களோட ஸ்பெஷல் இது. வாழை நம்ம ஆசியப் பயிர்தான். 19-ம் நூற்றாண்டின் கடைசியில கப்பல்ல குலை குலையா நியூ ஆர்லியன்ஸ் மாதிரி துறைமுகங்கள்ல போய் இறங்க ஆரம்பிச்சதும், அந்தப் பக்கத்து வீடுகள்ல இந்தப் பலகாரம் பிரபலமாச்சு. முதல்ல கேக் துண்டுகளை அடுக்கினாங்க. வெனிலா பிஸ்கட் வந்த பிறகு அதுவே நிலைச்சுடுச்சு.

அங்கே கஸ்டர்டுக்கு முட்டை மஞ்சள் கரு சேர்ப்பாங்க. கிரிவலம் போற அன்னிக்கு நம்ம வீட்டுக்குள்ள முட்டை வருமா? கவலை வேண்டாம். அதுக்கான தீர்வு 1837-லயே வந்தாச்சு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர்ல ஆல்ஃபிரட் பேர்டுனு ஒரு கெமிஸ்ட். அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்காது, ஆனா கஸ்டர்டு பிடிக்கும். அதனால முட்டைக்குப் பதில் சோளமாவை வெச்சு ஒரு பவுடர் தயாரிச்சார். இன்னிக்கு மளிகைக் கடையில நாம வாங்குற கஸ்டர்டு பவுடரோட ஆரம்பம் அதுதான். மனைவிக்காக தாஜ்மஹால் கட்டினவரைவிட இவர் நமக்கு உபயோகமானவர்!

பழத்தைப் பார்ப்போம். இதுலதான் ருசியே இருக்கு. காயா இருக்கும்போது வாழைப்பழத்தோட சதையில கிட்டத்தட்ட 20 சதவிகிதம் மாவுச்சத்து இருக்கும். நல்லா பழுத்ததும் அது ஒண்ணு, ரெண்டு சதவிகிதமாகி, மீதியெல்லாம் சர்க்கரையா மாறிடும். அதனால தோல் மஞ்சளாகி, அங்கங்கே புள்ளி விழுந்த பழம்தான் சரி. ரகத்துல என் ஓட்டு ரஸ்தாளிக்கு. வாசனையும் உண்டு, வெட்டினா துண்டும் நிக்கும். பூஜைக்கு வர்ற பூவன்ல லேசான புளிப்பு இருக்கும். கஸ்டர்டோட தித்திப்புக்கு அது நல்ல ஜோடி. கற்பூரவள்ளி ரொம்ப இனிப்பு, போட்டா சர்க்கரையைப் பாதியா குறைச்சுடுங்க. மோரிஸ் வசதியான பழம், ஆனா வாசனை கொஞ்சம் கம்மிதான். நேந்திரம் இதுக்கு வேண்டாம், சிப்ஸுக்கு விட்டுடுங்க.

நாலு பேருக்கு அரை லிட்டர் பால், 3 டேபிள்ஸ்பூன் கஸ்டர்டு பவுடர், 3 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஆறு ரஸ்தாளி அல்லது எட்டு பூவன், ஒரு நடுத்தர பாக்கெட் பிஸ்கட் போதும். வெனிலா வேஃபரைத் தேடி அலைய வேண்டாம். மாரி பிஸ்கட்டோ, மில்க் பிக்கிஸோ பிரமாதமா செட் ஆகும். க்ரீம் பிஸ்கட் மட்டும் வேண்டாம், திகட்டிடும்.

பால்ல இருந்து அரை டம்ளரை ஆறினதா எடுத்து, பவுடரை அதுல கட்டியில்லாம கரைச்சுக்கோங்க. சூடான பால்ல நேரா கொட்டினா, மாவோட வெளிப்பக்கம் உடனே வெந்து, உள்ளே பச்சை மாவா உருண்டை உருண்டையா நின்னுடும். மீதிப் பாலை அடிகனமான பாத்திரத்துல சர்க்கரையோட கொதிக்கவிட்டு, தீயைக் குறைச்சு, கரைசலை ஊத்திக்கிட்டே கிளறுங்க. ஒரு நிமிஷத்துலயே கெட்டியாகும். அங்கே நிறுத்திடாதீங்க! கொப்புளம் வர்ற மாதிரி இன்னும் ரெண்டு நிமிஷம் கிளறினாத்தான் பச்சை வாசனை போகும், குளிர்ந்ததும் தண்ணி விடாது.

இன்னொரு விஷயம், பலருக்கும் தெரியாது. ருசி பார்த்த ஸ்பூனை மறுபடி கஸ்டர்டுல விடாதீங்க. நம்ம எச்சில்ல மாவுச்சத்தை உடைக்கிற அமிலேஸ்னு ஒரு நொதி இருக்கு. கெட்டியா இருந்த கஸ்டர்டு ஆறின பிறகு மோர் மாதிரி நீர்த்துப்போக இதுவும் ஒரு காரணம். எச்சில் பண்ணாதேனு பாட்டி சொன்னதுக்கு அறிவியல் சப்போர்ட்டும் இருக்கு பாருங்க.

வெல்லம் போட ஆசையா? கொதிக்கிற பால்ல போட்டா திரிஞ்சுபோக வாய்ப்பு அதிகம். சர்க்கரை இல்லாம கஸ்டர்டு காய்ச்சி, ரெண்டையும் தனித்தனியா ஆறவிட்டு, அப்புறம் வெல்லப்பாகைக் கலந்துக்கோங்க.

கஸ்டர்டு கைபொறுக்கிற சூட்டுக்கு வந்ததும்தான் பழத்தை வெட்டணும். முன்னாடியே வெட்டி வெச்சா, பழத்துல இருக்கிற நொதி காத்துல உள்ள ஆக்சிஜனோட சேர்ந்து துண்டுகளைக் கறுப்பாக்கிடும். ஒரு ஸ்பூன் தண்ணியில ரெண்டு சொட்டு எலுமிச்சை கலந்து புரட்டினா கொஞ்ச நேரம் தாங்கும்.

கண்ணாடிக் கிண்ணம் இருந்தா ரீல்ஸுக்கு நல்லா இருக்கும். இல்லைன்னா எவர்சில்வர் டிபன் பாக்ஸே போதும். அடியில பிஸ்கட், மேலே பழத்துண்டு, அதுமேலே பழம் மூழ்குற மாதிரி கஸ்டர்டு. இதையே இன்னொரு தடவை. கடைசி அடுக்கு கண்டிப்பா கஸ்டர்டாத்தான் இருக்கணும், காத்து பட்ட பழம் கறுத்துடும். மேலே ரெண்டு பிஸ்கட்டை நொறுக்கித் தூவுறதை மட்டும் பரிமாறும்போது வெச்சுக்கோங்க.

இனி உங்க வேலை முடிஞ்சது. மூடி, ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டுக் கிளம்புங்க. பிஸ்கட் ஊறி, கேக் மாதிரி மெத்துனு ஆக நாலு மணி நேரமாவது வேணும். கிரிவலப்பாதை 14 கிலோமீட்டர். கூட்டத்தோட நடந்து, லிங்கங்கள்ல நின்னு கும்பிட்டுட்டு வர நாலஞ்சு மணி நேரம் ஆகும். கால் வலியோட வீட்டுக்குள்ள நுழையும்போது ஜில்லுனு ரெடியா இருக்கும்.

தோல் முழுக்கக் கறுத்து, அமுக்கினா குழையுற பழம் புட்டிங்ல நீர்விடும். அதைப் பஞ்சாமிர்தத்துக்கு ஒதுக்கிடுங்க. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பழநி பஞ்சாமிர்தத்துல ஒரு சொட்டு தண்ணி சேர்க்க மாட்டாங்க. ஈரம் குறைவான விருப்பாச்சி மலைப்பழம்தான் அதுக்குப் பேர் போனது. அந்தப் பழம் கைவசம் இல்லைன்னாலும், நம்ம வீட்டுப் பழத்தோட நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் சேர்த்துப் பிசைஞ்சா அன்னிக்கே சாப்பிட ருசியா இருக்கும். கழுவி ஈரம் துடைச்ச பாத்திரம் முக்கியம்.

புட்டிங்கை மறுநாள் ராத்திரிக்குள்ள காலி பண்ணிடுங்க, அதுக்கு மேல பழம் குழைஞ்சு தண்ணி விடும். பால் பொருள்ங்கிறதால, நம்ம ஊர் வெயிலுக்கு வெளியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. கரன்ட் போனா ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து பார்க்காம இருந்தாலே பாதி ஜில்லு தங்கும். ஊருக்குக் கிளம்புற சொந்தக்காரங்களுக்கு பஸ்ல கொண்டுபோகக் கட்டிக் கொடுக்கணும்னா, புட்டிங் வேண்டாம், பஞ்சாமிர்தத்தைக் கொடுத்து அனுப்புங்க.